லோக் அன் ஏலன் ஏரிக்கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக்குப் போகத் திட்டமிடுகிறவர்களும், படத்தில் இந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டு இது என்ன இடம் என்று வியக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பயண விவரம் மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் இந்த இடத்தின் கதை தெரியாமல் போனால் ஒரு பழைய சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போலாகிவிடும். அதனால் முன்பகுதியையும் படித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கோட்டை எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியில், கேர்ன்கார்ம்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், ஏவிமோர் என்ற சிற்றூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுற்றிலும் ராத்திமர்கஸ் என்ற பெரும் பைன் காடு. காட்டுக்குள் ஒரு நீளமான ஏரி. ஸ்காட்லாந்தில் ஏரியை ‘லோக்’ என்பார்கள். ‘லோக் அன் ஏலன்’ என்றால் கேலிக் மொழியில் தீவுள்ள ஏரி. அந்தத் தீவு மிகச் சிறியது. கோட்டை போக மிச்சம் என்று சொல்லிக்கொள்ள அங்கே நிலம் இல்லை. மதில் சுவர் நேராகத் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

ஏரிக்கு நடுவில் எதற்காகக் கோட்டை கட்டினார்கள்?

மாடுகளுக்காக என்று சொன்னால் பாதி உண்மை. மேட்டுநிலத்தில் ஒருவருடைய செல்வம் என்பது அவருடைய கால்நடைகள். இரவோடு இரவாக வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு போவது பல நூற்றாண்டுகளாக நடந்த வழக்கம். மேற்கே லோக்காபர் பகுதியிலிருந்து வந்த மாட்டுக் கள்வர்கள் கிழக்கேயுள்ள மோரே சமவெளிக்குப் போன தடத்துக்கு ‘திருடர் பாதை’ என்றே பெயர். அந்தத் தடம் இந்த ஏரியின் ஓரமாகத்தான் போகிறது. மந்தையைத் தீவுக்குள் அடைக்க முடியாது. ஆனால் குடும்பத்தையும் தானியத்தையும் நிலப் பத்திரங்களையும் தீவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால், கொள்ளைக் கூட்டம் கடந்துபோகும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

சமவெளியில் கோட்டை கட்டுகிறவன் ஆட்களை வைத்து அகழி வெட்ட வேண்டும். இங்கே அகழியை இயற்கையே வெட்டி வைத்திருக்கிறது. நீரரண், அதைச் சுற்றிக் காட்டரண், அதற்கு அப்பால் மலையரண் என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் கோட்டைக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்? வில்லும் வாளும் வைத்திருந்த எதிரிக்கு, படகில்லாமல் அந்தச் சுவரைத் தொட வழியில்லை. கரையில் இருந்த படகுகளை இழுத்துத் தீவில் கட்டிவிட்டால் காவல் வேலையில் பாதி முடிந்தது. கடுங்குளிர் காலத்தில் ஏரி உறைந்துபோகும் நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு தப்பும்.

‘பேடனாக்கின் ஓநாய்’ கட்டிய கோட்டை என்கிறார்களே, உண்மையா?

அந்தப் பெயர் அவ்வளவு கவர்ச்சியானது என்பதால் எல்லா வழிகாட்டிகளும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். 13ஆம் நூற்றாண்டில் ராத்திமர்கஸ் நிலம் மோரே ஆயர்களின், அதாவது அந்தப் பகுதியின் கிறிஸ்தவப் பிஷப்புகளின், உடைமையாக இருந்தது. ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ராபர்ட்டின் மகனான அலெக்சாண்டர் ஸ்டுவர்ட் 1380களில் அதை அவர்களிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். அவர்தான் பேடனாக் வட்டாரத்தின் ‘ஓநாய்’ என்று பின்னாளில் பெயரெடுத்தவர். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் ஒரே மூச்சில் எழுந்ததல்ல. ஒரு பக்கம் சதுரக் கோபுரம், நடுவில் முற்றம், சுற்றி மதில், இன்னொரு பக்கம் தங்கும் கூடம் என்று பல தலைமுறைகளில் சேர்ந்தது. அதில் ஓநாயின் பங்கு எது என்று விரல் வைத்துக் காட்ட இயலாது.

ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. மன்னரின் பெயரால் வடபகுதியை ஆள வேண்டியவர், தன் கூலிப்படையை வைத்துக்கொண்டு அதையே சூறையாடினார். மனைவியான ராஸ் சீமாட்டி யூஃபீமியாவைக் கைவிட்டு வேறொரு பெண்ணுடன் வாழ்ந்தார். மோரே ஆயர் அலெக்சாண்டர் பர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். பதிலுக்கு ஓநாய் 1390 மே மாதத்தில் ஃபாரஸ் நகருக்குத் தீ வைத்தார். ஜூன் 17ஆம் தேதி எல்கின் நகருக்குள் புகுந்து, ‘வடக்கின் விளக்கு’ என்று பெயர்பெற்ற பேராலயத்தையே கொளுத்தினார். ஆயரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரே ஆயரின் கோயிலை எரித்தார் என்று வைத்து இந்தத் தீவைப் பார்த்தால், அந்தக் காலத்து வடபகுதியில் சட்டம் எந்த நிலையில் இருந்தது என்பது புரியும்.

அவருடைய உண்மையான தலைமைக் கோட்டை இதுவல்ல. வடக்கே லோக்கிண்டார்ப் என்ற இன்னோர் ஏரித் தீவில் அது இருக்கிறது. கடைசிக் கேள்வியில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

‘கிளான்’ என்கிறார்களே, அது நம் ஊர்ச் சாதி போன்றதா?

இல்லை. குலம் என்ற சொல்தான் கிட்டத்தட்டப் பொருந்தும். ஒரு தலைவன், அவனுடைய உறவினர், அவன் நிலத்தில் குடியிருந்து அவனுக்காகப் போருக்குப் போகக் கடமைப்பட்டவர்கள் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் குலம். எல்லாரும் ஒரே இரத்தம் அல்ல. வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தலைவனின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொள்வது சாதாரணம். பாதுகாப்பு தலைவன் கடமை, விசுவாசம் குடியானவன் கடமை. 1746இல் கலோடன் போரில் ஜாக்கபைட் படை (அரியணை இழந்த ஸ்டுவர்ட் அரச குடும்பத்துக்காகப் போராடியவர்கள்) தோற்ற பிறகு, தலைவர்கள் தங்கள் நிலத்தில் தாங்களே நீதி வழங்கிய உரிமையை அரசு சட்டம் போட்டுப் பறித்தது. அதன் பிறகு குலத் தலைவன் என்பவன் மெல்ல மெல்ல நிலக்கிழாராக மட்டும் மிஞ்சினான்.

ராத்திமர்கஸைப் பொறுத்தவரை ஷா குலமும் மக்கின்டாஷ் குலமும் முதலில் இங்கே இருந்தன. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராண்ட் குலத் தலைவரின் இளைய மகன் ஒருவரின் கைக்கு நிலம் வந்தது. மக்கின்டாஷ்காரர்கள் நெடுங்காலம் மனம் ஆறவில்லை. இன்றுவரை இந்தக் கிராண்ட் கிளைதான் இங்கே இருக்கிறது.

இந்தக் கோட்டை உண்மையில் எப்போதாவது முற்றுகையிடப்பட்டதா?

1690இல். அந்த ஆண்டு மே 1ஆம் தேதி ஸ்பே ஆற்றங்கரையில், க்ராம்டேல் என்ற இடத்தில், நாடு கடந்து போன மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்காகப் போராடிய ஜாக்கபைட் படை, விடியுமுன் தூக்கத்திலேயே தாக்கப்பட்டுச் சிதறியது. கிராண்ட் குலம் அரசின் பக்கம். தோற்று மேற்கே பின்வாங்கிய கூட்டத்தில் ஒரு பிரிவு, எரிச்சலோடு இந்த ஏரிக்கரைக்கு வந்து கோட்டையை மிரட்டியது.

உள்ளே குடியானவர் குடும்பங்கள் அடைக்கலம் புகுந்திருந்தன. கிரிசல் மோர் என்ற கிராண்ட் வீட்டுப் பெருமாட்டிதான் தற்காப்புக்குத் துணை நின்றாள் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சுவரில் நின்றவர்கள் சுடச் சுட, அவள் அடுப்பில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் துப்பாக்கிக் குண்டுகளை வார்த்துக்கொடுத்தாளாம். கரையில் நின்றவர்களிடம் பீரங்கி இல்லை. சற்று நேரம் சுட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அரச மகனான ஓநாயைவிட இந்தப் பெண்ணுக்கே இந்தக் கோட்டையின் வாசலில் பெயர் பொறிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு ஏன் பாழடைந்தது? யார் இடித்தார்கள்?

யாரும் இடிக்கவில்லை. தேவை போய்விட்டது. பீரங்கி வந்த பிறகு கரைக்கும் தீவுக்கும் உள்ள தூரம் ஒரு பொருட்டே இல்லை. நாட்டில் அமைதி வந்த பிறகு ஈரமும் இருட்டும் நிறைந்த அறைகளில், உப்புக்கும் விறகுக்கும் படகு விட்டுக்கொண்டு யார் வாழ்வார்கள்? குடும்பம் ஸ்பே ஆற்றோரம் ‘டூன்’ என்ற இடத்தில் வசதியான மாளிகையில் இருந்தது. ஆள் இல்லாத கூரை முதலில் போனது, பிறகு மரத் தளங்கள் போயின, சுவரிடுக்குகளில் விதை விழுந்து மரம் முளைத்தது. இன்றைக்கு மதிலுக்கு மேலே தலைநீட்டும் மரங்களைத்தான் தூரத்திலிருந்து முதலில் பார்ப்பீர்கள்.

தீவுக்குப் போகத் தண்ணீருக்கடியில் ஒரு பாதை இருக்கிறதாமே?

அப்படித்தான் ஊரில் சொல்கிறார்கள். வளைந்து வளைந்து போகும் ஒரு கல் வழி, தெரிந்தவன் மட்டுமே கால் வைக்கக்கூடியது என்பது கதை. கதையை நான் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது மூழ்கியதற்குச் சொல்லப்படும் காரணம் கதையல்ல. ஏரியின் நீர்மட்டம் 18ஆம் நூற்றாண்டில் வேண்டுமென்றே உயர்த்தப்பட்டது. அதன் பின்னால் ஒரு பெரிய தொழிலே இருக்கிறது.

இந்தக் காட்டின் பைன் மரம் கப்பல் கட்டவும் வீடு கட்டவும் ஏற்றது. ஆனால் மலைக்காட்டிலிருந்து கடலுக்கு எப்படிக் கொண்டுபோவது? சாலை கிடையாது. அதனால் காட்டுக்குள் இருந்த ஏரிகளின் வாயில் மரத்தால் மதகு அமைத்தார்கள். ஏரி நிறையும்வரை காத்திருந்து மதகைத் திறந்துவிட்டால், சிற்றோடை சில மணி நேரத்துக்கு வெள்ளமாகப் பாயும். வெட்டிப் போட்ட மரங்களை அந்த வெள்ளத்தில் உருட்டிவிடுவார்கள். மரங்கள் முட்டி மோதித் தேங்கும் இடங்களில் ஆட்கள் நீண்ட கழியோடு, பனிக்கட்டி கலந்த நீரில் இடுப்பளவு இறங்கித் தள்ளிவிட வேண்டும். ஓடைகள் ட்ரூயி ஆற்றில் சேரும். ட்ரூயி ஸ்பே ஆற்றில் சேரும். ஸ்பேயில் மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடல்வாய்வரை ஓட்டிச் செல்வார்கள். யார்க்‌ஷயரிலிருந்து வந்த இரண்டு மர வணிகர்கள் 1784இல் அந்தக் கழிமுகத்தில் கப்பல் கட்டும் துறை தொடங்கி, அதற்குக் கிங்ஸ்டன் என்று பெயரும் வைத்தார்கள். நெப்போலியன் போர்களால் பால்டிக் கடல் வழியாக மரம் வருவது தடைபட்டபோது விலை எகிறியது, கோடாரிகள் இரண்டு மடங்கு வேகமாக இயங்கின.

கோட்டைக்குப் பயன் இருந்தவரை அதைக் காத்த அதே நீர், அதன் பிறகு மரத்தை ஓட்டும் கூலியாயிற்று. தீவின் ஓரங்களை இன்னும் கொஞ்சம் விழுங்கியது. அதனால்தான் இன்று சுவர் நேராகத் தண்ணீரிலிருந்து எழுவதுபோல் தோன்றுகிறது.

கோட்டைக்கும் ஒரு பறவைக்கும் தொடர்பு இருக்கிறது என்று படித்தேன். என்ன அது?

இந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதே இந்தக் கதையால்தான்.

பறவையின் பெயர் விராலடிப்பான். ஏறத்தாழ மீனை மட்டுமே உண்டு வாழும் கழுகினம். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்டதும் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு நீரில் விழும். வழுக்கும் மீனைப் பிடிக்க அதன் பாதத்தின் அடியில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்னால் திருப்பி, இரண்டு விரல் முன், இரண்டு விரல் பின் என்று இறுக்கிக்கொள்ளும். பிடித்த மீனைத் தலை முன்னால் வரும்படி திருப்பிக்கொண்டு பறக்கும். குளிர்காலத்தில் பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் இந்த இனத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்துப் பறவைகள் அங்கே வருவதில்லை. அவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன.

ஆள் குடியிருப்பு போன பிறகு இந்தக் கோட்டையின் கோபுர முகட்டில் ஒரு விராலடிப்பான் இணை குடியேறியது. கட்டைக் குச்சிகளை அடுக்கிப் பெரிய கூடு. ஆண்டுதோறும் ஏப்ரலில் திரும்பி வந்து அதே கூட்டைப் பழுதுபார்த்து முட்டையிட்டது. மனிதர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த நீர் பறவைக்கும் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் பறவை முட்டை சேகரிப்பது கனவான்களின் பித்தாக இருந்தது. விராலடிப்பானின் முட்டை, வெண்மையில் செம்பழுப்பு தெளித்தது போன்ற அழகான முட்டை. பறவை அரிதாக ஆக, முட்டையின் விலை ஏறியது. விலை ஏற ஏறப் பறவை மேலும் அரிதாயிற்று.

லூயிஸ் டன்பார் என்பவர் சேகரிப்பாளர்களுக்காகக் கூடுகளைத் தேடிப் போனவர்களில் ஒருவர். 1850 வாக்கில் அவர் செய்ததை, ஜான் வுல்லி என்ற புகழ்பெற்ற முட்டைச் சேகரிப்பாளருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். இருள் பிரியாத நேரத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்க, உடையைக் களைந்துவிட்டு ஏரியில் இறங்கி நீந்தி, இடிந்த சுவரில் ஏறி, அடைகாத்துக்கொண்டிருந்த பறவையைக் கிளப்பிவிட்டு முட்டைகளை எடுத்திருக்கிறார். அவற்றோடு நீந்திக் கரைக்கு வந்து, படகுக் கொட்டகையில் உட்கார்ந்து, ஓட்டில் துளையிட்டு உள்ளேயிருந்ததை ஊதி வெளியேற்றி, காலியான ஓட்டை விஸ்கியால் கழுவியிருக்கிறார். கரு வளரத் தொடங்கிய முட்டை கெட்ட வாசம் வீசாமல் பெட்டிக்குள் இருக்க வேண்டுமல்லவா?

இதில் என்னை உறுத்துவது கொடூரம் மட்டுமல்ல. இவர்கள் எல்லாரும் பறவையை நேசித்தவர்கள். அதன் பழக்கங்களைத் துல்லியமாக எழுதி வைத்தவர்கள். அதை அவ்வளவு விரும்பியதால்தான் அந்தக் குளிரில் நீந்தினார்கள். ஜாக்கபைட் படையால் கடக்க முடியாத நீரை, ஆசை கடந்துவிட்டது.

யாரும் தடுக்கவில்லையா?

தடுத்தார்கள், தாமதமாக. நூற்றாண்டின் இறுதியில் கிராண்ட் குடும்பத்தினர் கூட்டைக் காக்க முயன்றார்கள். அதைப் பாராட்டி லண்டன் விலங்கியல் கழகம் 1893இல் ராத்திமர்கஸ் கிராண்ட் அவர்களுக்கும், மேற்கே லோக் ஆர்க்கெய்க் ஏரியில் இந்தப் பறவையைக் காத்த லோகியல் கேமரன் அவர்களுக்கும் பதக்கம் அளித்தது. கேமரனின் ஆட்கள் கூடிருந்த மரத்தில் முள்கம்பி கட்டிக் காவல் வைத்தார்கள்.

பயனில்லை. வழியில் சுட்டு வீழ்த்தப்பட்டவை, பாடம் செய்வதற்காகக் கொல்லப்பட்டவை என்று இனமே சுருங்கிப்போயிருந்தது. இந்தக் கோட்டையில் 1899க்குப் பிறகு முட்டையிடவில்லை. 1916க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் எங்குமே கூடு கட்டியதாகப் பதிவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்த வெறுமை நீடித்தது.

அந்தப் பறவை திரும்பி வந்ததா?

வந்தது. 1954இல், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத லோக் கார்ட்டன் ஏரியருகே ஓர் இணை குஞ்சு பொரித்தது. ஸ்காண்டிநேவியப் பறவைகளாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதே ஆண்டில் பறவைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் சட்டத்தால் முட்டைக் கள்வர்களை உடனே நிறுத்த முடியவில்லை. 1958இல் காவலையும் மீறி இரவில் ஒருவன் மரமேறினான். பிறகு கூட்டில் இருந்ததைப் பார்த்தால் இரண்டு கோழி முட்டைகள், காலணி மெருகால் பழுப்பு வண்ணம் பூசப்பட்டவை.

ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்பவர் தலைமையில் பறவைப் பாதுகாப்பு அரச கழகத்தின் ஸ்காட்லாந்துப் பிரிவினர் அப்போது எடுத்த முடிவு துணிச்சலானது. இடத்தை ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு ஊருக்கே அறிவித்தார்கள். தூரத்தில் ஒரு குடில் அமைத்து, தொலைநோக்கி பொருத்தி, வந்து பாருங்கள் என்றார்கள். 1959இல் சுமார் 14,000 பேர் வந்து பார்த்தார்கள். அவ்வளவு கண்கள் ஒரே கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் திருடன் வருவான்? அந்த ஆண்டு குஞ்சுகள் பறந்தன. இன்றைக்கு ஸ்காட்லாந்தில் 200க்கும் மேற்பட்ட இணைகள் கூடு கட்டுகின்றன.

கோட்டை முகட்டில் இன்று கூடு இல்லை. ஏரியின் மேலும் சுற்றுவட்டாரத்திலும் கோடையில் பறவை மீன்பிடிப்பதைப் பார்க்கலாம். பார்க்க முடிந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

கோட்டைக்கு இல்லை, அதன் உடைமையாளர் குடும்பத்துக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பத் தலைவராக இருந்த சர் ஜான் பீட்டர் கிராண்ட் கடனில் மூழ்கி, பம்பாயில் நீதிபதி வேலை ஏற்று 1827இல் கப்பலேறினார். அவருடைய மகள் எலிசபெத் கிராண்ட் எழுதிய நினைவுக் குறிப்புகள், அவர் இறந்த பிறகு 1898இல் நூலாக வந்தன. ராத்திமர்கஸில் மரம் மிதக்கவிட்டவர்களின் வாழ்க்கை நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு அவருடைய எழுத்து ஒரு முக்கியக் காரணம். அவருடைய தம்பி, தந்தையின் பெயரையே கொண்ட ஜான் பீட்டர் கிராண்ட், 1859 முதல் 1862 வரை வங்காளத்தின் துணை ஆளுநர். அவுரி விவசாயிகள் தோட்ட முதலாளிகளுக்கு எதிராக எழுந்தபோது விசாரணைக் குழு அமைந்ததும், விவசாயிகளின் குறை அதிகாரபூர்வமாகப் பதிவானதும் அவர் காலத்தில்தான்.

தீவுக்குள் போக முடியுமா?

பாலம் இல்லை, படகுச் சேவையும் இல்லை. கரையிலிருந்து பார்ப்பதுதான் முறை.

“ஸ்காட்லாந்தில் எங்கும் நடமாடும் உரிமை உண்டே” என்று சிலர் கேட்பார்கள். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்பவர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது, உண்மைதான். ஆனால் இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். இதைச் சேதப்படுத்துவது குற்றம். அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியை எடுத்துக்கொண்டு இறங்குவதும் குற்றம். கூட்டில் இருக்கும் விராலடிப்பானைக் கலைப்பது தனியாக இன்னொரு குற்றம். சுவர்களோ தளர்ந்த கல்லும் சுண்ணாம்புமாக நிற்பவை. ஒரு கைப்பிடி பிடித்து ஏறினால் கல்லோடு விழ வேண்டியதுதான். நீந்திப் போகலாம் என்று எண்ண வேண்டாம். கோடையிலும் ஏரி நீர் மூச்சை அடைக்கும் அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

பாலம் போட்டால் நன்றாக இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். இந்தச் சுவர் இத்தனை காலம் நின்றதற்குக் காரணமே அந்தச் சிறு இடைவெளிதான்.

எதிரொலி கேட்குமாமே?

1863இல் ரயில் ஏவிமோருக்கு வந்த பிறகு திரண்ட பயணிகளுக்கு அதுதான் பெரிய வேடிக்கை. கோட்டைச் சுவரை நோக்கிக் கூவினால் மூன்று முறை திரும்பி வரும் என்று புகழ்பெற்றிருந்தது. இப்போதும் ஓரளவு கேட்கும். பறவைகள் அடைகாக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை கூவிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எப்படிப் போவது? எவ்வளவு நேரம் ஆகும்?

எடின்பரோவிலிருந்து இன்வர்னஸ் செல்லும் ரயிலில் ஏறி ஏவிமோரில் இறங்க வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். இன்வர்னஸிலிருந்து வந்தால் சுமார் 40 நிமிடம். ஊரிலிருந்து சைக்கிள், டாக்ஸி, அல்லது காட்டுப் பாதையில் நடை. சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஏரியின் வடகோடியில் கட்டணத்துடன் நிறுத்துமிடம் உண்டு.

ஏரியைச் சுற்றிவரும் பாதை சுமார் 5 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். பெரும்பாலும் சமதளம். முதியவர்களும் சிறு குழந்தைகளும் தாராளமாக வரலாம். முழுவதும் சுற்ற முடியாதவர்கள் கோட்டைக்கு நேர் எதிரே உள்ள கரைவரை சென்று திரும்பினாலும் போதும். முடிந்தவர்கள் முழுச் சுற்றும் வாருங்கள். தென்கோடியில் லோக் காவ்னா என்ற சிறு ஏரி ஒதுங்கிக் கிடக்கிறது. அங்கே கூட்டம் இருக்காது. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதரும் ஜூனிபரும் மண்டிய பைன் காட்டில், செந்நிற அணில் மரத்தின் பின்பக்கமாகச் சுற்றி ஒளிந்துகொண்டு எட்டிப்பார்க்கும். கொண்டைச் சிட்டு என்ற குட்டிப் பறவைக்கு பிரிட்டனில் இந்த வட்டாரக் காடுகள்தான் வீடு.

எந்த மாதம் போகலாம்?

விராலடிப்பானுக்காக என்றால் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை காற்றில்லாத மாலைகளில் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி மொய்த்துக் கடிக்கும். கொசுவைவிடச் சிறியது, கொசுவைவிடத் தொல்லை. பூச்சி விரட்டித் தைலம் இல்லாமல் போகாதீர்கள். என் தேர்வு மே மாதம். ஒளி நீண்டிருக்கும், பூச்சி வந்திருக்காது, பறவைகள் இருக்கும். அக்டோபரில் பிர்ச் மரங்கள் பொன்னிறமாகும், படம் எடுப்பவர்களுக்கு அது ஏற்ற காலம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். உறைந்த ஏரியின் மேல் நடந்து கோட்டைக்குப் போகலாம் என்ற ஆசை யாருக்கும் வர வேண்டாம். பனித்தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

அருகில் வேறு என்ன பார்க்கலாம்?

லோக் கார்ட்டனில் விராலடிப்பான் பார்வைக் கூடம் இருக்கிறது. கிங்கஸி ஊருக்கு அருகே ருத்வன் படைவீடு இருக்கிறது. ஓநாயின் பழைய கோட்டை இருந்த மேட்டில், ஜாக்கபைட்டுகளை அடக்குவதற்காக அரசு கட்டிய கட்டடம் அது. கலோடனில் தோற்ற பிறகு எஞ்சிய ஜாக்கபைட் படை கடைசியாகக் கூடிக் கலைந்ததும் அங்கேதான்.

ஓநாயின் தடத்தைப் பின்பற்ற விரும்பினால் வடக்கே லோக்கிண்டார்ப் செல்லுங்கள். ஆளரவமற்ற வெட்டவெளியில் ஓர் ஏரி, அதன் தீவில் நான்கு மூலைக் கோபுரங்களோடு பெரிய மதில். 1450களில் மன்னர் ஆணைப்படி அது இடிக்கப்பட்டது. அங்கிருந்து எல்கின் சென்றால் அவர் எரித்த பேராலயத்தின் சிதைவைக் காணலாம். அவருடைய கல்லறை தெற்கே டங்கெல்ட் பேராலயத்தில், கவசம் அணிந்த கற்சிலையோடு இருக்கிறது. எடின்பரோவிலிருந்து ஏவிமோர் வரும் அதே ரயில் பாதையில் டங்கெல்ட் நிலையம் வழியிலேயே வருவதால், முதலில் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் தொடர்வது வசதி. எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.